மலையிறங்கும் எஸ்யூவிக்கு என்ன பிரேக் வேண்டும்?

ஏழு பேர் உட்காரும் லேடர் ஃப்ரேம் டீசல் எஸ்யூவியில் ஆட்களும் சாமான்களும் ஏறிவிட்டால் எடை 2,600 கிலோவைத் தொட்டுவிடும். அந்த வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டிய ஆற்றல் சுமார் 10 லட்சம் ஜூல். அதே வண்டி குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கினால் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் குறைகிறது. எடையையும் உயரத்தையும் புவியீர்ப்பின் 9.8ஐயும் பெருக்கிப் பார்த்தால் 380 லட்சம் ஜூல் வருகிறது. 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 38 முறை நிறுத்துவதற்குச் சமம் அது. அவ்வளவும் ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிகிறது.

"வண்டி நிக்க மாட்டேங்குது, பிரேக்கைப் பெருசு பண்ணலாமா?" என்று கேட்கிற நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு கணக்கையும்தான். நெடுஞ்சாலையில் மாடு குறுக்கே வந்தால் சட்டென்று நிற்பது ஒரு வேலை. மலைப்பாதையில் ஒரு மணி நேரம் சூட்டைத் தாங்கிக்கொண்டே இருப்பது வேறொரு வேலை. முதல் வேலையில் பெரும்பாலும் டயர்தான் எல்லையை வைக்கிறது. இரண்டாவதில் டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) எடை, பேடின் (அந்தத் தட்டை உரசி நிறுத்தும் துண்டு) கலவை, பிரேக் ஆயிலின் கொதிநிலை மூன்றும் எல்லை வைக்கின்றன. எது குறைகிறது என்று தெரியாமல் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து சிவப்புக் காலிபர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) வாங்கிப் போடுவது வீண் செலவு. சில நேரம் வண்டி முன்னைவிட மோசமாகவும் நிற்கும். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்குக் காரணம் குன்னூர். மாமனார் வீடு அங்கே. நாங்கள் கோயம்புத்தூரில். அத்தை, மாமா, குழந்தைகள், தேயிலைப் பை, பிளம்ஸ் கூடை என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குவது எங்கள் வீட்டில் வழக்கமான பயணம். சீசன் நாட்களில் பர்லியாறு பக்கம் நின்று பார்த்தீர்களானால் தெரியும். ஓரமாக ஒதுங்கி நிற்கும் வண்டிகளில் ஒன்றிரண்டின் முன் சக்கரத்திலிருந்து புகை வரும். கருகின பேடின் வாடை காற்றில் நிற்கும். டிரைவர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூடேறிக் கிடக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க்கில் விரிசல் விடலாம், கோணலும் ஆகலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, கியரில் விட்டுவிட்டு, காற்றிலேயே ஆற விட வேண்டும். ஹேண்ட் பிரேக்கைக்கூட அப்போது இழுக்காமல் இருப்பது நல்லது.

முதலில் டயர். சாலையும் டயரும் தருகிற பிடிப்பைத் தாண்டி எந்த பிரேக்காலும் வண்டியை நிறுத்த முடியாது. காய்ந்த தாரில் பிடிப்பு, அதாவது உராய்வு எண், 0.8 என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 49 மீட்டர் போல வேண்டும். மழையில் பிடிப்பு 0.5 ஆகிவிட்டால் அதுவே 79 மீட்டர் வரை நீளும். பிரேக்கை மிதிக்கும் முன் நாம் யோசிக்கிற ஒரு நொடியில் வண்டி ஓடிவிடும் 28 மீட்டர் இதில் சேரவில்லை. 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கிற எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். அதனால் சோதித்துப் பார்ப்பது எளிது. ஆள் இல்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பெடலை முழு பலத்தோடு மிதித்துப் பாருங்கள். கால் அடியில் பெடல் துடித்து ஏபிஎஸ் வேலை செய்தால், பிரேக்கில் சக்தி போதுமான அளவு இருக்கிறது, டயரால்தான் அதற்கு மேல் பிடிக்க முடியவில்லை என்று அர்த்தம். அந்த வண்டிக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் நிற்கும் தூரம் குறையாது.

டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பார்க்க நன்றாக இருக்கிற பழைய டயர், ரப்பர் இறுகிப்போய் ஈரத்தில் வழுக்கும். எஸ்யூவி வைத்திருப்பவர்களில் வாரத்தில் ஒருநாள் மட்டும் வண்டி எடுக்கிறவர்கள் நிறைய. அவர்களுக்கு டயர் தேய்வதற்கு முன்பே கெட்டிப்பட்டுவிடுகிறது.

தோற்றத்துக்காகப் பெரிய டயர் போடுகிற வழக்கமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த 265/65 ஆர்17 டயரின் உயரம் 776 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 285/70 ஆர்17 போட்டால் 831 மில்லிமீட்டர். டிஸ்க் அதே டிஸ்க், சக்கரத்தின் ஆரம் மட்டும் 7 சதவீதம் கூடிவிட்டது. அதே பெடல் அழுத்தத்துக்கு டயர் தரையில் கொடுக்கும் நிறுத்தும் விசை ஏறத்தாழ அதே 7 சதவீதம் குறைந்துவிடும். கூடவே டயரின் எடையும் அதிகம். முரட்டுப் பட்டன் வைத்த ஆஃப்ரோடு டயராக இருந்தால் மழைத் தார் ரோட்டில் பிடிப்பும் குறையும். "டயர் மாத்தினதுலேர்ந்து பிரேக் சரியில்ல" என்று சொல்கிறவர்கள் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள்.

வண்டியைத் தூக்கிக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பழைய மாடல்கள் பலவற்றில் பின் ஆக்ஸிலுக்கு மேலே எடையைப் பார்த்து பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை ஒரு கம்பி வழியாக அது தெரிந்துகொள்கிறது. லிஃப்ட் கிட் போட்டு வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தினால், வண்டியில் சுமையே இல்லை என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும். பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தையும் குறைத்துவிடும். ஏழு பேர் உட்கார்ந்திருக்கும்போதும் பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். அந்தக் கம்பியைப் புது உயரத்துக்குத் தகுந்தபடி சரிசெய்ய வேண்டும். லிஃப்ட் போடுகிற பட்டறையில் இதைக் கேட்டு வாங்குங்கள். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இனி சூட்டுக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

குன்னூர் இறக்கத்தின் 380 லட்சம் ஜூலில் டயர் உருளும் எதிர்ப்பும் காற்றுமாகச் சேர்ந்து கால்வாசிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கை முடிவு செய்வது டிரைவரின் கையிலிருக்கும் கியர். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று மலை டிரைவர்கள் சொல்வது அதனால்தான். இரண்டாவது கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டு இறங்கினால் எரிபொருள் வீணாகும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருள் ஊற்றுவதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்கள் இன்னும் பெரிய ஆபத்தில் இருக்கிறார்கள். காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை டீசல் வண்டியில் எஞ்சினோடு சுழலும் பம்ப்தான் உண்டாக்குகிறது. எஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்கு மேல் அது தாங்காது. அதன்பின் முழு பலத்தையும் காலில்தான் கொடுக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்கள் மேனுவல் மோடுக்கு மாறி கியரைப் பிடித்து வைக்க வேண்டும். ஹில் டிசென்ட் கன்ட்ரோல் பொத்தான் இருக்கிறதே என்று அதை அழுத்திவிட்டு மலை முழுக்க இறங்கக்கூடாது. அது ஏபிஎஸ் பம்ப்பைக் கொண்டு அதே பிரேக்கைத்தான் பிடிக்கிறது. சேற்றிலும் கல்லிலும் சில நூறு மீட்டர் இறங்குவதற்காக வந்த வசதி அது.

சூடு ஏறினால் என்ன ஆகும்? ஒரு முன் டிஸ்க் 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே ஒருமுறை நிறுத்தும்போது முன் சக்கரங்கள் இரண்டும் 70 சதவீத வேலை செய்கின்றன. அப்போது ஒவ்வொரு முன் டிஸ்க்கும் 70 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. அது ஆறுவதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது என்று போனால் சில நிமிடத்தில் 300, 400 டிகிரிக்குப் போய்விடும். அங்கேதான் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடுகிறது. பெடல் வழக்கம்போலக் கெட்டியாக இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வேகம் குறையாது என்றால் பேட் சூட்டில் உராய்வை இழந்துவிட்டது. பெடல் இலேசாகி, மிதிக்க மிதிக்க உள்ளே போய் தரையைத் தொடுகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி உண்டாகிவிட்டது. ஆவி அமுங்கும். திரவம் அமுங்காது. அதனால் காலின் அழுத்தம் காலிபருக்குப் போய்ச் சேர்வதில்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது.

டிரம் பிரேக்கில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சூட்டில் டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகிப்போகும். டிஸ்க் விரிந்தால் பேடை நோக்கித்தான் வரும். டிஸ்க் பிரேக்குக்கான காப்புரிமையை பர்மிங்ஹாமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டே எடுத்துவிட்டார். ஆனாலும் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது 1953 லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி டைப் ஜெயித்த பிறகுதான். 24 மணி நேரம் ஓடும் பந்தயத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கடைசிவரை நம்பி பிரேக் பிடிக்க முடிந்தது அதற்குப் பெரிய பலமாக இருந்தது.

பிரேக் ஆயில் என்று நாம் கூப்பிடுவது ஆயிலே இல்லாத கிளைக்கால் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் சுபாவம். புட்டியைத் திறந்த அன்று டாட் 3 என்ற தரம் குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் டாட் 3 வெறும் 140 டிகிரியில் கொதிக்கலாம். டாட் 4க்கு 155, டாட் 5.1க்கு 180. சென்னை, தூத்துக்குடி மாதிரி ஈரக்காற்று ஊர்களில் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் அந்தத் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்பது. நம்மூரில் அதைச் செய்கிறவர்கள் குறைவு. குறைந்தால் மேலே ஊற்றிவிட்டு மூடிவிடுகிறார்கள்.

எங்கள் பட்டறை அண்ணன் கோவையில் பல வருடமாக மலை வண்டிகள் பார்க்கிறவர். பெரிய பிரேக் கிட் போடலாமா என்று நான் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றி, பிளீடர் நிப்பிளைத் திறந்து கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஆயில் எடுத்தார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது காபி டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. "கிட்டு அப்புறம் போட்டுக்கலாமுங்க தம்பி. மொதல்ல இதை மாத்துங்க. இது போட்டு எத்தனை வருசமாச்சுன்னு இதுக்கே தெரியாது" என்றார். வண்டியை நான் வாங்கியது இரண்டாம் கையாக. அப்புறம் காலிபரின் சறுக்குப் பின்களை உருவிக் காட்டினார். இரண்டில் ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. ஒருபக்கம் பிஸ்டன் உள்ள சாதாரணக் காலிபர், அந்தப் பின்களில் நகர்ந்துதான் இரண்டு பேடையும் சமமாக அழுத்தும். பின் இறுகினால் உள்பக்கப் பேட் மட்டும் தேயும், வெளிப்பக்கப் பேட் பேருக்கு இருக்கும். அவர் பின்களைச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் போட்டார். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும். புது டாட் 4 ஆயில் நாலு சக்கரத்திலும் ஓட்டி, ஏர் எடுத்து, பழைய ரப்பர் ஹோஸையும் மாற்றினார். கிட்டுக்கு ஆகும் பணத்தில் ஒரு சிறு பங்குதான் செலவு. வண்டியின் பெடல் அன்றைக்கே வேறு மாதிரி ஆகிவிட்டது.

எவ்வளவு நல்ல பிரேக் கிட் வாங்கினாலும், இந்த வேலைகள் முடியாமல் அதை மாட்டக்கூடாது என்பது என் திடமான கருத்து. ஸ்டீல் வலை பின்னிய ஹோஸ் போடலாமா என்று கேட்பார்கள். அது அழுத்தத்தில் குறைவாக விரியும், பெடலில் உறுதி தெரியும், கால் அழுத்தத்தை அளந்து கொடுக்க வசதி. நிற்கும் தூரத்தை அதுவாகக் குறைக்காது. எண் பெரிதாக இருக்கிறதே என்று சிலிகான் வகையான டாட் 5ஐ வாங்கி ஊற்றுவதும் கூடாது. அது கிளைக்காலோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள வண்டிகளுக்கு ஆகவும் ஆகாது. 5.1 என்பது வேறு, 5 என்பது வேறு.

அடுத்து பேட். பெரிய எஸ்யூவிக்குக் குறைந்த செலவில் அதிகம் கிடைப்பது இங்கேதான். பேடின் முதுகுத் தகட்டில் அல்லது ஓரத்தில் அச்சிட்ட எழுத்துகளுக்கு நடுவே எஃப்எஃப், ஜிஎஃப் என்று இரண்டு எழுத்து தெரியும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு, இரண்டாவது நல்ல சூட்டில் எவ்வளவு என்று சொல்கிறது. இ என்றால் 0.25இலிருந்து 0.35 வரை, எஃப் என்றால் 0.35இலிருந்து 0.45 வரை, ஜி என்றால் 0.45இலிருந்து 0.55 வரை. மலை இறங்குகிறவர்கள் இரண்டாவது எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும். எஃப்இ என்று இருந்தால் சூட்டில் உராய்வு கீழே போகிறது என்று பேடே ஒப்புக்கொள்கிறது. இந்தச் சோதனை ஒரு சிறிய மாதிரித் துண்டில் செய்வது, ஆகவே முழு உண்மையையும் சொல்லிவிடாது. ஆனாலும் கடைக்காரர் "நல்லா பிடிக்கும் சார்" என்பதைவிட நம்பத்தகுந்தது.

ஆர்கானிக் பேட் சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும், சூட்டில் சீக்கிரம் சோர்ந்துவிடும். செமி மெட்டாலிக்கில் இரும்புத் தூள் அதிகம். சூட்டைத் தாங்கும், டிஸ்க்கையும் கொஞ்சம் தின்னும், அலாய் சக்கரத்தில் கருப்புத் தூசி படியும். செராமிக் சுத்தமானது, அமைதியானது. ஆனால் கனமான வண்டியில் நீண்ட இறக்கத்துக்கு எல்லா செராமிக்கும் ஒத்துவராது. எனக்கு நல்ல செமி மெட்டாலிக்தான் சரிப்பட்டது. வாரம் ஒருமுறை சக்கரம் கழுவுவதில் எனக்கு வருத்தமில்லை. முழு ரேஸ் பேட் மட்டும் வீட்டு வண்டிக்கு வேண்டவே வேண்டாம். சூடேறாமல் அது பிடிக்காது. காலையில் பால் வாங்கப் போகும்போது முதல் மிதிக்கே வண்டி நின்றாக வேண்டும்.

பேட் வாங்க நாம் ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டியதில்லை. 1962ஆம் ஆண்டு தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில் இருக்கிறது. சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடிதான். ரானேயின் பிரேக் லைனிங் ஆலை அம்பத்தூரில் இருக்கிறது. இந்தியச் சாலைகளில் ஓடும் வண்டிகள் பலவற்றுக்கு பிரேக் பாகங்கள் சென்னையின் அந்த வடமேற்கு மூலையிலிருந்து போகின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. போலிப் பெட்டிகள் நிறைய சுற்றுவதால் பில் தருகிற விநியோகஸ்தரிடம் மட்டும் வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிற பேடில் முதுகுத் தகட்டிலிருந்து உராய்வுப் பொருள் பெயர்ந்து விழுவதைப் பட்டறையில் நேரில் பார்த்திருக்கிறேன்.

புதுப் பேட் போட்டதும் அதைப் பழக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மிதமான அழுத்தத்தில் குறைத்து, இடையில் கொஞ்சம் ஓட்டி, மறுபடி குறைத்து, இப்படிப் பத்துப் பதினைந்து முறை. பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் சீராகப் படிய வேண்டும், அதற்காகத்தான் இது. முடித்தவுடன் சிக்னலில் பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சூடான பேட் ஒரே இடத்தில் ஒட்டி அந்த இடத்தில் திட்டு விழும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் டிஸ்க் வளைந்திருக்காது. திட்டுத் திட்டாகப் படிந்த பேடோ, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தடிமன் மாறியதோதான் காரணமாக இருக்கும். சக்கர நட்டை இம்பாக்ட் கன்னால் இஷ்டத்துக்கு முறுக்குவதும் டிஸ்க்கைக் கோணலாக உட்கார வைத்து இதே வியாதியைக் கொண்டுவரும். டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் என் வண்டிக்கு ஒரு குறை இருந்தது. ஏழு பேரோடு சீசன் நெரிசலில், முன்னால் பஸ் நின்று நின்று போக, கல்லாறு வருவதற்குள் பெடலில் கொஞ்சம் தளர்ச்சி தெரிந்தது. கியரும் சரி, ஆயிலும் சரி, பேடும் சரி. அப்படியென்றால் டிஸ்க்கின் எடைதான் போதவில்லை. பெரிய டிஸ்க்குக்கு நியாயமான காரணம் கிடைத்தது.

டிஸ்க்கின் விட்டம் 10 சதவீதம் கூடினால் அதே அழுத்தத்துக்கு நிறுத்தும் திருகுவிசையும் ஏறத்தாழ அவ்வளவு கூடுகிறது. அதைவிட எனக்கு முக்கியம் எடை. 10 கிலோ டிஸ்க்குக்குப் பதில் 13 கிலோ டிஸ்க் என்றால், 70 டிகிரி ஏறின இடத்தில் 54 டிகிரிதான் ஏறும். தடிமன் கூடினால் நடுவிலுள்ள காற்று வழிகளும் அகலமாகும், சீக்கிரம் ஆறும். துளையிட்ட டிஸ்க் பார்க்க அழகு. ஆனால் துளையின் ஓரத்திலிருந்து விரிசல் தொடங்கும், துளைக்காகக் குறைத்த இரும்பின் அளவுக்குச் சூடு வாங்கும் திறனும் குறையும். கனமான வண்டிக்குத் துளையில்லாத டிஸ்க், அல்லது தண்ணீரையும் தூசியையும் வழிக்கக் கோடு வெட்டின டிஸ்க் போதும்.

முன்னால் சொன்ன "மோசமாகவும் நிற்கும்" விஷயம் இங்கே வருகிறது. முன் காலிபரில் பிஸ்டன் பரப்பு அதிகமானால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். பெடல் மிதிக்கும்போது அந்த ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் இன்னும் கீழே போகும். முன் பிரேக் மட்டும் பலமாகிப் பின் பிரேக் அப்படியே இருந்தால், முன் டயர்கள் சீக்கிரம் பிடிப்பின் எல்லைக்கு வந்து ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கிவிடும். பின் டயர்களிடம் மீதமிருக்கும் பிடிப்பு பயன்படாமல் போகும். நிற்கும் தூரம் கூடும். ஆகவே டிஸ்க்கைப் பெரிதாக்கலாம், பிஸ்டன் மொத்தப் பரப்பைப் பழைய அளவை ஒட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். கிட் விற்கிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "பிஸ்டன் பரப்பு எவ்வளவு, என் மாஸ்டர் சிலிண்டரோடு ஒத்துப்போகுமா?" பதில் எண்ணாக வரவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.

வேறொரு நல்ல வழியும் உண்டு. அதே தயாரிப்பாளரின் கனமான மாடலின் பிரேக்கை எடுத்துப் போடுவது. அமெரிக்காவில் பழைய டொயோட்டா 4ரன்னர் வைத்திருப்பவர்கள் முதல் தலைமுறை டண்ட்ரா பிக்கப்பின் காலிபரையும் டிஸ்க்கையும் மாட்டிக்கொள்வது நெடுநாள் வழக்கம். டொயோட்டாவே லேண்ட் குரூசர் 200க்கு 2016 மாடலில் முன் டிஸ்க்கை 340 மில்லிமீட்டரிலிருந்து 354க்கு ஏற்றியது. இப்படிச் செய்வதில் பேடும் டிஸ்க்கும் எந்த ஊரிலும் கிடைக்கும். மலை நடுவில் உடைந்தால் இத்தாலியிலிருந்து பார்சலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

நானும் அந்த வழியில்தான் போனேன். ஒரே குடும்பத்துப் பெரிய மாடலின் முன் டிஸ்க், காலிபர், தாங்கி மூன்றும். அளவெடுத்துப் பார்த்ததில் பிஸ்டன் பரப்பில் வித்தியாசம் மிகக் குறைவு. 17 அங்குல அலாயில் காலிபர் உரசும் என்பதால் 18க்கு மாற வேண்டியிருந்தது. அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். பின் சக்கர டிரம்மை டிஸ்க்காக்கும் யோசனையை அண்ணன் கேட்டவுடனே தள்ளிவிட்டார். ஹேண்ட் பிரேக் அமைப்பு மாறும், முன்பின் பங்கீடு கெடும், மழைக்காலத்துச் சேற்றில் மூடின டிரம்மே மேல் என்பது அவர் வாதம். புது ஷூ போட்டு, லேத்தில் டிரம்மைக் கடைந்து, இடைவெளி சரிசெய்துகொண்டதில் பின்பக்கம் திருப்தியாக இருக்கிறது.

இப்போது அதே நெரிசல், அதே சுமை, அதே இரண்டாவது கியர். கல்லாறில் பெடல் குன்னூரில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சூட்டை அளக்க லேசர் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். பளபளப்பான டிஸ்க் முகத்தைக் காட்டினால் அது குறைத்துத்தான் சொல்லும். நடுவிலுள்ள துருப்பிடித்த மேட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அளந்தால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் காட்டினால் ஒரு காலிபர் இறுகுகிறது என்று அர்த்தம். அதற்காகவே இந்தக் கருவி எல்லா வீட்டிலும் இருக்கலாம்.

சட்டப்பக்கம் ஒரு வார்த்தை. பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. டிஸ்க் அளவு சான்றிதழில் வருவதில்லை. ஆனாலும் விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்க இடமிருக்கிறது. நான் மாற்றத்தை எழுதிக் கொடுத்து, பட்டறை பில்லையும் பாகங்களின் எண்களையும் இணைத்து, ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறேன். பழைய காலிபர்களுக்கு சீல் கிட் போட்டு, பின்களில் கிரீஸ் தடவி, பரணில் பெட்டியில் இருக்கின்றன. 500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி டார்க் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதையும் முடித்துவிட்டு, அடுத்த ஆயில் மாற்றும் தேதியை ஸ்டிக்கரில் எழுதி மாஸ்டர் சிலிண்டர் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறோம்.